மஞ்சள் கோட்டில் நிற்கும் விமானத்தைத் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. புறப்படத் தயாராக ஓடுபாதை வரைக்கும் வந்த விமானம் இருபத்தைந்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டது, பயணிகள் தவித்தார்கள், பணிப்பெண்களிடம் வாக்குவாதம் செய்தார்கள் என்று. படித்துவிட்டு பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் மறுபடி எடுத்துப் படித்தேன். விமானம் ஏன் நின்றது என்று அதில் ஒரு வரி கூட இல்லை. அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விமான நிலையத்துக்குள் ஜீப் ஓட்டியவன். 29 வருடம் ஓட்டினேன். விடியற்காலையில் ஓடுபாதை முழுக்கப் போய்ப் பார்த்து வருவது, விழுந்து கிடக்கும் போல்ட், டயர் துண்டு, செத்த பறவை எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பது, வழி தெரியாத விமானத்துக்கு முன்னால் ‘ஃபாலோ மீ’ என்று எழுதிய பலகையோடு போய் நிறுத்துமிடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவது, இதுதான் என் வேலை. இப்போது ஓய்வுபெற்று பொழிச்சலூரில் இருக்கிறேன். எந்த ஊர் நிலையத்தில் வேலை பார்த்தேன் என்று எழுதவில்லை. என்னோடு இருந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

விமானம் என்றாலே மக்களுக்கு மேலே பறப்பதுதான் பயம். மேகத்துக்குள் கொஞ்சம் குலுங்கினால் சாமி கும்பிடுகிறார்கள். தரையில் ஊர்ந்து போகும்போது அதே ஆட்கள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு போன் பேசுகிறார்கள். ஆனால் உலகத்திலேயே அதிகம் பேர் செத்த விமான விபத்து நடந்தது வானத்தில் இல்லை. தரையில், ஓடுபாதையில் நடந்தது. 583 பேர். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

விமானம் ஊர்ந்து வரும் பாதை ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்னால் தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் குறுக்கே போட்டிருக்கும். நம் பக்கம் இரண்டு முழுக்கோடு, ஓடுபாதைப் பக்கம் இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. ஓரத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதையின் எண் இருக்கும். சென்னையின் பெரிய ஓடுபாதை என்றால் 07-25 என்று. திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி, கடைசி சைபரை விட்டுவிட்டால் அந்த எண். முழுக்கோட்டின் பக்கம் நிற்பவர், டவர், அதாவது விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரம், வாய்விட்டு ‘வா’ என்று சொல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. விமானம், ஜீப், தீயணைப்பு வண்டி, புல் வெட்டும் டிராக்டர், எதுவாக இருந்தாலும் சரி. பெரிய ஓடுபாதைகளில் அந்தக் கோட்டிலிருந்து ஓடுபாதையின் நடுக்கோடு சுமார் 90 மீட்டர். எங்கள் தெருவில் பத்து வீடு தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து வீட்டுத் தூரத்தில் ஒரு விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். நொடிக்கு எழுபது மீட்டர்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், ஐப்பசி மழை. காலை ஆறு மணி இருக்கும். ஓடுபாதை ஓரத்தில் ஒரு பருந்து செத்துக் கிடப்பதாக இறங்கிய விமானி ஒருவர் டவருக்குச் சொல்லியிருந்தார். எடுத்துவர நானும் இன்னொரு பெரியவரும் போனோம். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நான் ஸ்டியரிங், அவர் பக்கத்து சீட். கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி டவரைக் கூப்பிட்டேன். அதே நேரத்தில் கையிலிருந்த இன்னொரு வாக்கி டாக்கியில் எங்கள் மேற்பார்வையாளர், “என்னப்பா பண்றீங்க, பின்னாடி ரெண்டு ஃப்ளைட் நிக்குது, சீக்கிரம் எடுத்துட்டு வாங்க” என்கிறார்.

டவர் பதில் சொன்னது. சொல்லும்போதே வேறு யாரோ மைக்கை அழுத்திவிட்டார்கள். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் ‘கீ’ என்று ஒரு சத்தம்தான் வரும், பேச்சு கேட்காது. கடைசி வார்த்தை ‘ரன்வே’ மட்டும் என் காதில் விழுந்தது. போகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவசரத்தில் இருக்கிறவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? கியர் போட்டேன்.

அண்ணன் கியர் மேல் இருந்த என் கையைப் பிடித்தார். “என்ன சொன்னாங்க?”

“போகச் சொன்னாங்கண்ணே.”

“எனக்கு ரன்வேன்னு மட்டும்தான் கேட்டுச்சு. திருப்பிக் கேளு.”

கேட்டேன். “ஜீப் டூ, நெகட்டிவ், ஹோல்ட் ஷார்ட் ஆஃப் ரன்வே” என்று வந்தது. கோட்டுக்கு வெளியிலேயே நில் என்று அர்த்தம். நான் அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் மழைக்குள்ளிருந்து இரண்டு விளக்கு தெரிந்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது. விமானம் எங்களுக்கு முன்னால் தரை தொட்டுப் போனபோது ஜீப் ஒரு ஆட்டம் ஆடியது. சக்கரம் வாரி அடித்த தண்ணீர், பக்கெட்டால் எறிந்த மாதிரி கண்ணாடியில் விழுந்தது. வைப்பர் இரண்டு தரம் போய்வந்த பிறகுதான் எதிரே ஓடுபாதை தெரிந்தது. கிளட்ச் மேல் இருந்த என் இடது கால் தடதடவென்று ஆடியது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இப்போ கேளு, போகலாமான்னு” என்றார். போனோம். பருந்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தோம். மழையில் ஊறி நல்ல கனம்.

திரும்பி வந்ததும் எங்களைத் தாமதத்துக்காகத் திட்டினார்கள். அண்ணன் பதில் பேசாமல் புத்தகத்தில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில் நடந்த, 583 பேர் செத்த அந்த விபத்தைப் பற்றி ரொம்ப நாள் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அந்த ‘கீ’ சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1977 மார்ச் 27. பக்கத்துத் தீவான கிரான் கனாரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்களை எல்லாம் இந்தச் சின்ன நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நிறுத்த இடமில்லாமல் ஊர்ந்து போகும் பாதையிலேயே நிறுத்தியிருந்தார்கள். அதனால் புறப்படுகிற விமானம் ஓடுபாதையிலேயே ஊர்ந்து போய் முனையில் திரும்ப வேண்டும். பனிமூட்டம் வேறு இறங்கிவிட்டது. கே.எல்.எம். நிறுவனத்தின் 747 ரகப் பெரிய விமானம் முனைக்குப் போய்த் திரும்பி நிற்கிறது. பான் ஆம் நிறுவனத்தின் 747 இன்னும் அதே ஓடுபாதையில் ஊர்ந்து வருகிறது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. டவரிலிருந்தும் இருவரையும் பார்க்க முடியாது.

கே.எல்.எம். விமானி அனுபவம் இல்லாதவர் இல்லை. அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கு 747 ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஆனால் பணிநேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது, அதைத் தாண்டினால் பயணிகளோடு ராத்திரி அங்கேயே தங்க வேண்டியிருக்கும். அனுமதி வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். ‘காத்திருங்கள், கூப்பிடுகிறேன்’ என்று டவர் சொன்னதும், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று பான் ஆம் சொன்னதும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, கே.எல்.எம். விமானி அறையில் வெறும் கிறீச்சிடும் சத்தமாகக் கேட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்கு மட்டும் சந்தேகம். அந்த விமானம் இன்னும் போகவில்லையா என்று கேட்டார். போய்விட்டது என்று விமானி அழுத்திச் சொன்னார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கே.எல்.எம்மில் இருந்த 248 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பான் ஆமில் 335 பேர் இறந்தார்கள், 61 பேர் பிழைத்தார்கள்.

அந்த இன்ஜினியர் இன்னொரு தரம் கேட்டிருக்கலாமே என்று நான் பல ராத்திரி நினைத்ததுண்டு. என் கையைப் பிடிக்க ஒருவர் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பேச்சுமுறையை மாற்றினார்கள். ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் வாயில் எடுக்க வேண்டும், மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’ என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டில் நில் என்று சொன்னால் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, சரி, திருப்பிச் சொன்னால் போதும் போல என்று நானும் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேதா விமான நிலையத்தில் நடந்தது அந்த நம்பிக்கையை உடைத்தது.

முந்தின நாள் நோட்டோ பகுதியில் பெரிய நிலநடுக்கம். அதற்கு நிவாரணப் பொருள் ஏற்றிய கடலோரக் காவல்படை விமானம் ஒன்று புறப்பட வந்தது. ‘சி5 கோடு வரை வா, நீ நம்பர் ஒன்’ என்று டவர் சொன்னது. புறப்படும் வரிசையில் முதல் ஆள் என்றுதான் அதற்கு அர்த்தம். விமானியின் பக்கமிருந்து சரியாகவே திருப்பிச் சொன்னார்கள், பதிவில் இருக்கிறது. ஆனால் விமானம் கோட்டில் நிற்கவில்லை. தாண்டிப் போய் ஓடுபாதையில் சுமார் நாற்பது நொடி நின்றது. பின்னால் 379 பேரோடு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இறங்கி வந்தது. நாற்பது நொடி என்றால் இறங்குகிற விமானம் இரண்டே முக்கால் கிலோமீட்டர் வந்துவிடும். ஓடுபாதையில் யாரோ இருக்கிறார்கள் என்று டவரில் இருந்த திரையில் எச்சரிக்கை வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. சிறிய விமானத்தில் ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். உதவி செய்யக் கிளம்பிய ஆட்கள்.

பெரிய விமானம் எரிந்து சாம்பலானது. ஆனால் அதிலிருந்த 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். எட்டு கதவில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. மேலே வைத்த பெட்டியை எடுக்கக் கூடாது என்று சொன்னார்கள், எடுக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு அந்த ஜனங்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது. இதற்கு ஏன் மரியாதை என்று கேட்பவர்கள் என்னோடு ஒரு தரம் நம்மூர் விமானத்தில் வந்து பார்க்கட்டும்.

ஆக, வாய் சரியாகச் சொன்னாலும் மனசு வேறு மாதிரி கேட்டுக்கொள்ளும். நல்ல விமானிக்கும் அது நடக்கும். அதனால்தான் கண்ணுக்கும் ஒரு தடை வேண்டும் என்கிறேன். கோட்டின் மேல் தரையில் பதித்த சிவப்பு விளக்கு வரிசை இருக்கிறது. ‘ஸ்டாப் பார்’ என்பார்கள். டவர் அணைத்தால்தான் போகலாம். எரிந்துகொண்டிருந்தால் டவரே போகச் சொன்னாலும் தாண்டக் கூடாது, கேட்க வேண்டும். ஹனேதாவில் அன்றைக்கு அந்த விளக்கு பராமரிப்பு வேலைக்காக அணைந்திருந்தது. அந்த வேலை இல்லாவிட்டாலும் அன்றைக்குப் போட்டிருக்க மாட்டார்கள், பனிமூட்டம் மாதிரி நேரத்தில்தான் அதைப் பயன்படுத்துவது வழக்கம். பல நிலையங்களில் இதே நிலைமைதான். அந்த விளக்கு பகலிலும் ராத்திரியிலும், வெயிலிலும் மழையிலும் எரிய வேண்டும். டவரில் இருப்பவர்களுக்குக் கூடுதல் வேலைதான், ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு ஆள் போட வேண்டும். போடுங்கள்.

இத்தாலியில் மிலான் நகரத்து லினாத்தே நிலையத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. 2001 அக்டோபர் 8. கடும் பனிமூட்டம். ஒரு சின்ன விமானத்தை ஆர்5 பாதையில் போகச் சொன்னார்கள், அது ஆர்6இல் போய் ஓடுபாதைக்குள் நுழைந்துவிட்டது. தரையில் இருந்த எழுத்தும் குறியும் சரியில்லை. தரையில் நகர்வதைக் காட்டும் ரேடார் வேலை செய்யவில்லை. புறப்பட்ட ஸ்காண்டிநேவியன் விமானம் அதில் மோதி, சாமான் பிரிக்கும் கட்டடத்தில் போய் விழுந்தது. 118 பேர் இறந்தார்கள். அதில் நான்கு பேர் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள். விமானத்தில் ஏறாதவர்கள். எங்களை மாதிரி ஆட்கள். எந்த ஊர் செய்தியிலும் அந்த நான்கு பேரைக் கடைசி வரியில்தான் எழுதுவார்கள்.

இது வெளிநாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். 2023 ஆகஸ்ட் 23 அன்று டெல்லியில், இறங்கி வந்த ஒரு விமானத்தை அடுத்த ஓடுபாதையைக் கடக்கச் சொல்லிவிட்டார்கள். அதே ஓடுபாதையில் இன்னொரு விமானத்துக்குப் புறப்பட அனுமதி கொடுத்தாகிவிட்டது. கடக்க வேண்டிய விமானத்தை ஓட்டிய பெண் விமானி அதைக் கவனித்து டவரைக் கேட்டார். புறப்பட இருந்ததை நிறுத்தினார்கள். அவர் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. 2024 ஜூன் 8 அன்று மும்பையில் ஒரு விமானம் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் பின்னால் இன்னொன்று அதே ஓடுபாதையில் இறங்கிவிட்டது. அதற்கு முன்னால் மார்ச் 27 அன்று கொல்கத்தாவில், ஓடுபாதைக்குள் நுழைய அனுமதிக்காக நின்றுகொண்டிருந்த விமானத்தின் இறக்கை நுனியை, ஊர்ந்து வந்த இன்னொரு விமானம் உரசி உடைத்துவிட்டது. நின்றுகொண்டிருந்த அந்த விமானம் சென்னைக்கு வர வேண்டியது. நம்மூர் ஆட்கள்தான் உள்ளே உட்கார்ந்திருந்திருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம்.

சென்னையில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகின்றன. சின்னது அடையாறு ஆற்றைப் பாலத்தில் தாண்டுகிறது. வெட்டும் இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு விமானம் இருக்கவே கூடாது, அதனால் ஒன்று போகும் வரை மற்றொன்று காத்திருந்தே ஆக வேண்டும். இதை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு யாராவது சொன்னால் அவர் ஏன் கத்தப்போகிறார்?

போன தை மாதம் பேத்தியோடு கோயம்புத்தூர் போய்வந்தேன். போகும்போது கோட்டில் பன்னிரண்டு நிமிடம் நின்றோம். எனக்கு முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, “டவுன் பஸ் கூட இதைவிட சீக்கிரம் போகும், என்ன ஓட்டுறீங்க” என்று பணிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பொண்ணுக்கு என் மகளைவிடச் சின்ன வயசு. “சார், ப்ளீஸ் உட்காருங்க சார்” என்பதைத் தவிர அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. விமானியும் ஒரு வார்த்தை பேசவில்லை. வரும்போது இன்னும் மோசம். இறங்கி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஏதோ ஒரு வண்டிக்கு வழிவிட விமானம் சட்டென்று நின்றது. மேலே திறந்து வைத்திருந்த அடுக்கிலிருந்து ஒரு டிராலி பேக் வழுக்கி, நடுவரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் தோளில் விழுந்தது. அந்த அம்மா கத்தக்கூட இல்லை, தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்கள். பெட்டிக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, நீங்க பெல்ட்டக் கழட்டாதீங்க” என்றாள். ஆறாவது படிக்கிறாள்.

ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை இதுதான். விமானம் ஓடுபாதை அருகே நின்றது என்று இனி செய்தி போட்டால், ஏன் நின்றது என்று கேட்டு அதையும் போடுங்கள். ‘பயணிகள் தவிப்பு’ என்ற தலைப்பைப் படிக்கும் மேலதிகாரி அடுத்த நாள் காலையில் யாரையோ கூப்பிட்டு ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பார். அந்தச் சொல் டவருக்குப் போகும், விமானிக்குப் போகும், கடைசியில் என்னை மாதிரி ஒருவனின் வாக்கி டாக்கிக்கு வந்து சேரும். விமான நிறுவனங்களுக்கும் ஒன்று. நிற்கும்போது ஒரு நிமிடம் மைக்கை எடுத்து, ‘ஓடுபாதையில் இன்னொரு விமானம் இறங்குகிறது, அது விலகியதும் போவோம்’ என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பணிப்பெண்ணுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!

அப்புறம் உள்ளே வேலை பார்க்கும் பிள்ளைகள். நான் சேர்ந்தபோது எங்களுக்கு அண்ணன் மாதிரி ஆட்கள் வருடக்கணக்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்கள். இப்போது ஒப்பந்தத்தில் வரும் பையன்கள் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் முடித்து அனுமதி அட்டை வாங்கிவிடுகிறார்கள், அது தேவைதான். ஆனால் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு ஆள் வரவில்லை என்று பகல் ஷிப்டும் பார்க்கிறவன் காதில் டவர் சொல்வது பாதிதான் விழும். எனக்கு நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலேயே பாதிதான் விழுந்தது. முதல் ஒரு வருடமாவது ஓடுபாதைப் பக்கம் போகும் எந்த வண்டியிலும் இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பழைய ஆளாக இருக்க வேண்டும். செலவு என்பார்கள். ஒரு ஆள் சம்பளம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மஞ்சள் பெயிண்ட் ஒரு மழைக்காலம் போனால் மங்கிவிடும், டயர் கறுப்பு வேறு ஏறிவிடும். பகலில் நன்றாகத் தெரிகிற கோடு ராத்திரி ஈரத்தில் விளக்கு வெளிச்சம் பட்டால் மினுமினுத்துக் காணாமல் போகும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால், புரட்டாசியிலேயே, எல்லா நிலையங்களிலும் புதுசாக அடித்துவிட வேண்டும். அடித்த பிறகு அதிகாரி ஒருவர் ராத்திரி மழையில் ஜீப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பகலில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜீப் ஓட்டுநர்,
பொழிச்சலூர், சென்னை.